கல்லுக்குக் கண் கொடுத்தவர்

கோலார் தங்கவயல் என்றதும் நண்பர்களுக்குத் தங்கம் நினைவுக்கு வரும். அங்கே பிறந்து வளர்ந்த எனக்கோ வெப்பம்தான் நினைவுக்கு வரும். எங்கள் சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழமுடையது. அவ்வளவு கீழே பாறையின் வெப்பநிலை 60 டிகிரியைத் தாண்டும். வட ஆர்க்காட்டுச் சீமையிலிருந்து பிழைப்புத் தேடிச் சென்ற குடும்பம் எங்களுடையது. என் தாத்தா தம் இளமை முழுவதையும் அந்தச் சுரங்கத்தில் கழித்தார். 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டபோது வேலையிழந்து வீட்டுக்கு வந்தார். என் தந்தையார் அன்று முதல் நாள்தோறும் மாரிகுப்பத்தில் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குச் சென்று திரும்புகிறார்.

சுரங்கத்தில் விளக்கு அணைந்துவிட்டால் என்ன செய்வீர்கள் என்று சிறு வயதில் தாத்தாவைக் கேட்டிருக்கிறேன். புதிதாக வெடி வைத்த பாறை முகம் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது கன்னத்தில் படும் அனலிலேயே தெரிந்துவிடும் என்று அவர் சொல்வார். கண் காணாததைக் கன்னம் காணும்! பின்னாளில் பௌதிகம் படித்தபோதுதான் அதற்குப் பெயர் அகச்சிவப்புக் கதிர் என்று அறிந்தேன்.

2025 செப்டம்பர் 26-ஆம் நாள் நான் விடுமுறையில் ஊரில் இருந்தேன். 1963-இல் நம் நாட்டுக்கு வந்து 62 ஆண்டுகள் பறந்த மிக்-21 போர் விமானங்களுக்கு அன்று சண்டிகரில் விடை கொடுத்தார்கள். தொலைக்காட்சியில் அதைப் பார்த்துக்கொண்டிருந்த தாத்தா, விமானத்தின் இறக்கைக்கடியில் தொங்கிய ஏவுகணையைக் காட்டி, அவ்வளவு பெரிய ஆகாயத்தில் இது எதிரியின் விமானத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறது என்று கேட்டார். உங்கள் கன்னம் பாறையைக் கண்டதைப் போலத்தான் என்றேன். அவர் சிரித்தார். அப்படியானால் அதற்குக் கன்னம் வைத்தவர் யார் என்று கேட்டார்.

நான் படிப்பது பௌதிக முதுகலை. என் ஆய்வுக்கட்டுரையின் பொருளே அகச்சிவப்புக் கதிர்களை உணரும் கருவிகள்தாம். ஆகவே விடை என் நுனி நாக்கில் இருந்தது. அமெரிக்காவின் பெயரைச் சொன்னேன்; ரஷ்யாவின் பெயரைச் சொன்னேன். இரவு படுத்த பிறகு என் விடை முழுமையானதன்று என்று தோன்றிற்று. அந்த ஏவுகணைகளின் முதல் தலைமுறைக்குக் கண்ணாக இருந்தது ஈயமும் கந்தகமும் சேர்ந்த ஒரு பொருள். இயற்கையில் அது கலீனா என்ற பெயருடைய கல்லாகக் கிடைக்கிறது. அந்தக் கல்லைக் கொண்டு கதிர்களைக் காணும் கருவி செய்து, அதற்குக் காப்புரிமையும் பெற்றவர் ஓர் இந்தியர். செடிகளுக்கு உணர்ச்சி உண்டென்று சொன்னவர் என்று நாம் பள்ளிப் புத்தகத்தில் படித்த அதே ஜகதீஷ் சந்திர போஸ்தான் அவர்!

அவருடைய வாழ்வை இங்கே சுருக்கமாகச் சொல்ல விரும்புகிறேன். எனக்கு ஒரு முடிவு எடுக்கவேண்டியிருந்தது. அதற்காகவே அவர் வாழ்வைத் தேடிப் படித்தேன். அந்த முடிவு என்ன என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

பாடசாலைத் தோழர்கள்

போஸ் 1858 நவம்பர் 30-ஆம் நாள் கிழக்கு வங்காளத்தில் பிறந்தார். அந்தப் பகுதி இன்று வங்க தேசத்தில் இருக்கிறது. தந்தையார் பகவான் சந்திர போஸ், டெபுடி மாஜிஸ்திரேட் பதவியில் இருந்தவர். அந்நாளில் அத்தகைய உத்தியோகஸ்தர்கள் தம் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்புவதே கௌரவம். இவரோ தம் மகனைத் தாய்மொழிப் பாடசாலைக்கு அனுப்பினார். பிற மொழியைக் கற்குமுன் தன் மொழியையும் தன் மக்களையும் அறியவேண்டும் என்பது அவர் கொள்கை.

அந்தப் பாடசாலையில் போஸின் வலப்புறம் உட்கார்ந்தவன் தந்தையாரின் பணியாளாகிய முஸ்லிம் ஒருவருடைய மகன். இடப்புறம் உட்கார்ந்தவன் ஒரு மீனவர் மகன். பறவைகளைப் பற்றியும் விலங்குகளைப் பற்றியும் நீர்வாழ் உயிர்களைப் பற்றியும் அவர்கள் சொன்ன கதைகளே இயற்கையை ஆராயும் ஆவலைத் தமக்கு ஊட்டின என்று பிற்காலத்தில் போஸ் நினைவுகூர்ந்தார். அந்தத் தோழர்கள் வீட்டுக்கு வந்தால் தாயார் வேற்றுமை பாராட்டாமல் எல்லாருக்கும் ஒன்றுபோல் உணவிடுவார். மாஜிஸ்திரேட் மகனுக்கு முதல் ஆசிரியர்கள் மீனவன் மகனும் வேலைக்காரர் மகனும்! லயன் வீடுகளில் வளர்ந்து, தெலுங்கும் கன்னடமும் உருதும் பேசும் தோழர்களோடு விளையாடிய எனக்கு இந்தச் செய்தி மிகவும் பிடித்திருந்தது.

பின்னர் கல்கத்தாவின் புனித சேவியர் பள்ளியிலும் கல்லூரியிலும் பயின்றார். லாஃபோன் என்ற பாதிரியார் செய்து காட்டிய சோதனைகள் அவரைப் பௌதிகத்தின் பக்கம் இழுத்தன. 1880-இல் மருத்துவம் படிக்க லண்டன் சென்றார்; விடாத காய்ச்சலால் அந்தப் படிப்பைக் கைவிட நேர்ந்தது. கேம்பிரிட்ஜில் கிறிஸ்து கல்லூரியில் சேர்ந்து, லார்டு ராலே போன்ற பேரறிஞரிடம் பாடம் கேட்டு, 1884-இல் பட்டம் பெற்றார். மறு ஆண்டு கல்கத்தா மாகாணக் கல்லூரியில் பௌதிகப் பேராசிரியராக அமர்ந்தார்.

மூன்று ஆண்டுகள் சம்பளம் இல்லை

அங்கே அவரை வரவேற்றது அநீதி. வெள்ளைக்காரப் பேராசிரியருக்குக் கொடுப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான் இந்தியருக்குச் சம்பளம். போஸின் பதவி தற்காலிகமானது என்று சொல்லி அதிலும் பாதியைக் குறைத்தார்கள். அதாவது வேலை ஒன்று. கூலி மூன்றில் ஒன்று! எங்கள் தங்கவயலிலும் வெள்ளையருக்கு ஒரு கூலி, நம்மவருக்கு ஒரு கூலி என்றிருந்த கதையைக் கேட்டு வளர்ந்தவன் நான். ஆகவே இந்த இடத்தைப் படிக்கும்போது என் கை தானாக இறுகிற்று.

போஸ் என்ன செய்தார்? வேலையை விடவில்லை. கூச்சலிடவும் இல்லை. வகுப்புகளை ஒன்று தவறாமல் நடத்தினார். ஆனால் சம்பளத்தை மட்டும் தொட மறுத்துவிட்டார். ஒரு மாதம் அன்று, இரண்டு மாதம் அன்று, மூன்று ஆண்டுகள்! குடும்பத்தில் செல்வம் கொழித்ததா என்றால் அதுவும் இல்லை. தந்தையார் மக்கள் நலம் கருதித் தொடங்கிய தொழில் முயற்சிகள் நொடித்துப்போய்க் கடன் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்த காலம் அது. கடைசியில் அரசாங்கம் பணிந்தது. முழுச் சம்பளமும் நிலுவையோடு சேர்த்துக் கொடுக்கப்பட்டது. அந்தப் பணம் தந்தையாரின் கடனை அடைக்க உதவிற்று.

அந்த வறுமையின் நடுவே, 1887-இல் அவர் அபலா அம்மையாரை மணந்தார். இந்த அம்மையாருக்கும் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. பெண்கள் மருத்துவம் படிக்க வங்காளத்தில் இடமில்லாத காலத்தில், 1882-இல் அவர் சென்னைக்கு வந்து மருத்துவக் கல்லூரியில் பயின்றார். உடல்நலம் இடங்கொடுக்காததால் படிப்பை முடிக்க முடியாமல் திரும்பினார். பிற்காலத்தில் வங்கப் பெண்களின் கல்விக்காக அவர் ஆற்றிய தொண்டு பெரிது.

சுவரைக் கடந்த அலைகள்

1894 நவம்பர் 30, போஸுக்கு 36 வயது நிறைந்த நாள். அன்று முதல் ஆராய்ச்சிக்கே தம் வாழ்வை ஒப்படைப்பது என்று அவர் உறுதி பூண்டார். கல்லூரியில் அவருக்கு ஆராய்ச்சிக்கூடம் இல்லை. ஒரு சிறு அறைதான். கருவி செய்து தர நிபுணர் இல்லை. கல்கத்தாவின் தகரத் தொழிலாளி ஒருவரே இருந்தார். அவரைக் கூட வைத்துக்கொண்டு, ஐரோப்பிய ஆராய்ச்சிக்கூடங்கள் வியக்கும் கருவிகளைப் போஸ் செய்தார்.

கம்பியின்றிப் பரவும் மின்காந்த அலைகளை ஜெர்மானிய விஞ்ஞானி ஹெர்ட்ஸ் 1888-இல் மெய்ப்பித்திருந்தார். அவருடைய அலைகள் மிக நீளமானவை. அவற்றைக் கொண்டு சோதனை செய்யப் பெரிய கூடம் வேண்டும். போஸ் சில மில்லிமீட்டர் நீளமே உள்ள அலைகளை உண்டாக்கினார். இப்போது சோதனை முழுவதையும் ஒரு மேசைமேல் நடத்த முடிந்தது. இந்த அலைகளும் ஒளியைப் போலவே வளைகின்றன, திரும்புகின்றன என்று காட்ட அவர் எடுத்துக்கொண்ட பொருள்களில் ஒன்று ரயில்வே கால அட்டவணைப் புத்தகம்! தாள்களுக்கிடையே தகரத் தாள்களை வைத்தபோது அந்தப் புத்தகம் அலைகளை ஒரு திசையில் விட்டு மறு திசையில் தடுத்தது. முறுக்கிய சணலும் அவருக்குக் கருவியாயிற்று. விலை உயர்ந்த கருவி இல்லையே என்று ஏங்கும் நம் போன்ற மாணவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

1895-இல் கல்கத்தா நகர மண்டபத்தில், வங்காள லெப்டினண்ட் கவர்னர் முன்னிலையில், போஸ் தம் அலைகளைப் பொதுமக்களுக்குக் காட்டினார். அலைகள் சுவர்களைக் கடந்து சென்று அப்பாலிருந்த மணியை அடித்தன. வெடிமருந்தையும் வெடிக்கச் செய்தன. கூடியிருந்தவர்கள் ஆரவாரம் செய்திருப்பார்கள். எனக்கோ அந்த இடத்தில் படிப்பு ஓடவில்லை. கண்ணுக்குத் தெரியாத கதிர் ஒன்று செல்கிறது. தொலைவில் ஒரு கருவி அதை உணர்கிறது. உணர்ந்தவுடன் வெடிமருந்து வெடிக்கிறது. தாத்தா கேட்ட ஏவுகணையின் சாரமும் அதுதான் அன்றோ!

கல்லில் திறந்த கண்

அலைகளை உண்டாக்குவதைக் காட்டிலும் அவற்றை உணர்வது கடினம். அக்காலத்தில் இரும்புத் தூளை அடைத்த கண்ணாடிக் குழாயை அதற்குப் பயன்படுத்தினார்கள். ஒரு முறை உணர்ந்ததும் அது தட்டி எழுப்பினால்தான் மறுபடி வேலை செய்யும். போஸ் இதில் நிறைவு கொள்ளவில்லை. உலோகங்களையும் கனிமங்களையும் ஒன்றொன்றாக எடுத்துச் சோதித்தார். அப்படிச் சோதித்தவற்றில் ஒன்றே கலீனா.

அது சாம்பல் நிறமான, கனத்த, வெட்டிய பக்கமெல்லாம் கண்ணாடிபோல் மின்னும் கல். ஈயம் எடுப்பதற்காக அதைத் தோண்டுவார்கள். எங்கள் தங்கவயல் பாறையிலும் தங்கத்தோடு கூடிச் சிறு சிறு மணிகளாக அது இருந்ததுண்டு. வடநாட்டில் கண்ணுக்கு இடும் சுருமா பல காலம் இந்தக் கல்லைப் பொடித்தே செய்யப்பட்டது. அதிலுள்ள ஈயம் உடலுக்குக் கேடு என்பதைப் பின்னரே கண்டார்கள். கண்ணுக்கு மையாக இருந்த கல்லையே கண்ணாக்கினார் போஸ்!

எப்படி? கலீனாத் துண்டின்மேல் ஒரு முனை இலேசாகத் தொடுமாறு வைத்து, அதன் வழியே சிறிது மின்னோட்டத்தைச் செலுத்தினார். கதிர் வந்து படும்போது மின்னோட்டம் மாறிற்று. கதிர் நின்றதும் பழைய நிலைக்குத் திரும்பிற்று. தட்டி எழுப்ப வேண்டியதில்லை. அதைக் காட்டிலும் வியப்பு, அது மின் அலையை மட்டுமன்றிக் கண்ணுக்குத் தெரியும் ஒளியையும், அதற்கு இப்பாலும் அப்பாலும் உள்ள கதிர்களையும் உணர்ந்தது. மனிதக் கண் காணும் ஒளி ஒரு சிறு பலகணி. இந்தக் கல்லோ வீடு முழுவதும் திறந்து பார்த்தது. போஸ் அதைச் செயற்கை விழித்திரை என்றார். ஒளி என்னும் பொருள்படும் தேஜஸ் என்ற வடசொல்லை வைத்துத் தேஜோமீட்டர் என்றும் பெயரிட்டார்.

கல்லுக்குள் நடப்பது என்ன என்று அன்று எவருக்கும் தெரியாது. எலக்ட்ரானே 1897-இல்தான் கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. கலீனா ஒரு குறைகடத்தி என்பதும், கதிரின் ஆற்றலை வாங்கிக்கொண்டு எலக்ட்ரான்கள் அதில் கட்டவிழ்ந்து ஓடுகின்றன என்பதும் ஒரு தலைமுறைக்குப் பிறகு தெளிவான செய்திகள். விளக்கம் வருமுன்னே விளைவைக் கண்டவர் போஸ்.

வேண்டாம் என்ற செல்வம்

1897 ஜனவரியில் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் போஸ் சொற்பொழிவாற்றியபோதே, வணிகர்களின் கண் அவர் கருவிகள்மேல் விழுந்தது. தம் கருவிகளின் அமைப்பை எதையும் மறைக்காமல் அவர் மேடையிலேயே விளக்கிவிட்டார். 1901-இல் மறுபடி லண்டன் சென்றிருந்தபோது தந்திக் கம்பெனி முதலாளி ஒருவர் காப்புரிமை விண்ணப்பத் தாளோடு தேடி வந்தார். இலாபத்தில் பங்கு தருவதாகச் சொன்னார். போஸ் மறுத்தார். பணத்தின்மேல் அந்த நாட்டவருக்கிருந்த தீராத ஆசையைக் கண்டு மனம் வருந்தித் தம் நண்பர் ரவீந்திரநாத தாகூருக்குக் கடிதம் எழுதினார்.

ஆயினும் நண்பர்கள் விடவில்லை. சகோதரி நிவேதிதையும், சாரா புல் என்ற அமெரிக்க அம்மையாரும் வற்புறுத்தி, கலீனாக் கருவிக்கு அமெரிக்காவில் விண்ணப்பம் போடச் செய்தார்கள். 1901 செப்டம்பர் 30-இல் போட்ட விண்ணப்பத்துக்கு 1904 மார்ச் 29-இல் காப்புரிமை கிடைத்தது, எண் 755840. குறைகடத்தியால் அமைந்த கருவிக்கு உலகில் கிடைத்த முதல் காப்புரிமை அதுவே என்று வரலாற்றாசிரியர்கள் கூறுவர். போஸ் அதைக் கொண்டு பணம் தேடவில்லை.

அதற்குள் அவர் மனம் செடிகொடிகளின் பக்கம் திரும்பிவிட்டது. உலோகமும் சோர்வடைகிறது, செடியும் சோர்வடைகிறது, தசையும் சோர்வடைகிறது. அப்படியானால் இவற்றிடையே உள்ள கோடு எங்கே என்று கேட்டார். 1901-இல் இங்கிலாந்தின் உடலியல் அறிஞர்கள் சிலர் அவரை வன்மையாக எதிர்த்தார்கள். அவர் தளரவில்லை. செடியின் நுண்ணிய வளர்ச்சியைப் பல்லாயிரம் மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கிரெஸ்கோகிராஃப் என்ற கருவியை அமைத்தார். அவருடைய செடி ஆராய்ச்சிகள் எல்லாவற்றையும் இன்றைய விஞ்ஞானம் அப்படியே ஏற்றுக்கொண்டதாகச் சொல்ல முடியாது. ஆனால் செடிகளுக்குள் மின் துடிப்புகள் ஓடுகின்றன என்பது இன்று ஐயத்துக்கு இடமில்லாத உண்மை.

1917 நவம்பர் 30, தம் பிறந்த நாளன்று, கல்கத்தாவில் போஸ் ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கினார். அதற்கு அவர் இட்ட பெயர் விஞ்ஞானக் கோயில். அங்கே கண்டுபிடிக்கப்படுவன யாவும் உலகுக்குப் பொதுச் சொத்து. எதற்கும் காப்புரிமை வாங்கலாகாது என்பது அவர் வகுத்த விதி. 1920-இல் ராயல் சொசைட்டி உறுப்பினரானார். தாய்மொழியை அவர் ஒரு நாளும் மறக்கவில்லை. விஞ்ஞானக் கதையும் கட்டுரைகளும் வங்காளியில் எழுதினார். 1937 நவம்பர் 23-ஆம் நாள், நிலக்கரிச் சுரங்கங்கள் சூழ்ந்த கிரிடி என்னும் ஊரில் அவர் உயிர் பிரிந்தது.

கல் ஆகாயம் ஏறியது

போஸ் மறைந்தார். கல்லின் கதை முடியவில்லை. 1933-இல் பெர்லினில் குட்ஷர் என்ற விஞ்ஞானி, ஈய சல்ஃபைடைப் படலமாகப் பூசினால் அது 3 மைக்ரான் வரையுள்ள அகச்சிவப்புக் கதிர்களைக் காண்கிறது என்று கண்டார். ஜெர்மானிய ராணுவம் அதைப் பற்றிக்கொண்டது. போர்க் காலத்தில் அமெரிக்காவில் காஷ்மன் என்பவரும் அதையே செய்தார். இவர்கள் போஸின் காப்புரிமையைப் பார்த்துச் செய்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. பாதை வேறு, பொருள் ஒன்று.

போருக்குப் பின் கலிபோர்னியாப் பாலைவனத்தில், சைனா லேக் என்ற இடத்திலிருந்த கடற்படை நிலையத்தில், மக்லீன் என்ற விஞ்ஞானி ஈய சல்ஃபைடுக் கண்ணை ஒரு ராக்கெட்டின் மூக்கில் பொருத்தினார். 1953 செப்டம்பர் 11-இல் அது ஆளில்லாத விமானம் ஒன்றை முதல் முதலாக வீழ்த்திற்று. வெப்பத்தை உணர்ந்து இரை தேடும் பாம்பு ஒன்றின் பெயரையே அதற்கு இட்டார்கள்: சைட்வைண்டர்.

அது வேலை செய்யும் வகை இது. மூக்கிலுள்ள கண்ணாடிக் கூட்டுக்குள் ஓர் ஆடி சுழல்கிறது. எதிரி விமானத்தின் புகைபோக்கியிலிருந்து வரும் வெப்பக் கதிரை அது குவிக்கிறது. கோடுகள் வரைந்த ஒரு வட்டு அந்தக் கதிரைத் துண்டு துண்டாக நறுக்கிக் கண்ணுக்கு அனுப்புகிறது. மின்துடிப்பு வரும் நேரத்தைக் கொண்டு, இலக்கு இடமா வலமா, மேலா கீழா என்று தெரிந்துவிடுகிறது. அதற்கேற்பச் சிறகுகள் திரும்புகின்றன. ஓடும் பஸ்ஸைப் பிடிக்க நினைப்பவன் பஸ் இப்போதிருக்கும் இடத்தை நோக்கி ஓடுவதில்லை. அது வந்து சேரும் இடத்தை நோக்கிக் குறுக்கே ஓடுகிறான். ஏவுகணையும் அப்படியே. ஈய சல்ஃபைடுக் கண் மிகச் சூடான பொருளையே காணும்; ஆகவே அந்நாளில் எதிரியின் பின்புறம் சென்றுதான் ஏவவேண்டும். சூரியன் எதிரே இருந்தால் அதை நோக்கியே ஏமாந்து போய்விடுவதும் உண்டு. இண்டியம் ஆண்டிமனைடு என்ற பொருளைக் கடுங்குளிரில் வைத்துக் கண்ணாக்கிய பிறகே விமானத்தை முன்னாலிருந்தும் காண முடிந்தது.

1958 செப்டம்பரில் தைவான் கடலுக்கு மேலே சைட்வைண்டர் முதல் முதலாகப் போரில் ஏவப்பட்டது. அப்போது ஒன்று வெடிக்காமல் ஒரு மிக்-17 விமானத்தின் உடலிலேயே சிக்கிக்கொண்டது. ரஷ்யர்கள் அதைப் பிரித்துப் பார்த்துத் தாங்களும் ஒன்று செய்தார்கள். அதுதான் கே-13. மிக்-21 விமானத்தோடு அது நம் நாட்டுக்கு வந்தது. ஆக, இந்தியன் ஒருவன் கண் திறந்த கல், உலகைச் சுற்றி இந்தியாவுக்கே திரும்பிற்று!

2001 ஜனவரி 4-இல் நம் நாட்டிலேயே வடிவமைத்த இலகு போர் விமானம் பெங்களூரில் முதல் முறையாகப் பறந்தது. எங்கள் சுரங்கம் மூடப்பட இரண்டு மாதங்கூட இல்லாத நேரம். 2003-இல் அதற்கு இட்ட பெயர் தேஜஸ். போஸ் தம் கருவிக்கு எடுத்துக்கொண்ட அதே சொல். 2007-இல் தேஜஸ் முதலில் ஏவிய ஏவுகணையும் வெப்பத்தைத் தேடிச் செல்லும் ஆர்-73 தான்.

தாத்தாவின் இரண்டாம் கேள்வி

மறுநாள் காலை இவ்வளவையும் தாத்தாவுக்குச் சொன்னேன். ஆங்கிலச் சொல் கலக்காமல் தமிழிலேயே சொல்ல வேண்டியிருந்ததால் எனக்கே பல இடங்கள் அப்போதுதான் தெளிவாயின. முழுவதும் கேட்டுவிட்டு அவர் இன்னொரு கேள்வி கேட்டார். அந்தக் கண்ணுக்கு ஆள் தெரியுமா?

தெரியாது என்றேன். 1999 ஆகஸ்டு 10-இல் கட்சு எல்லையில் நம் மிக்-21 ஏவிய ஆர்-60 ஏவுகணை பாகிஸ்தானின் கடற்படை விமானம் ஒன்றை வீழ்த்தியது. அதிலிருந்த 16 பேரும் இறந்தார்கள். எல்லை எது, குற்றம் யாருடையது என்று இரு நாடுகளும் வாதாடின. ஏவுகணையின் கண்ணுக்கு அந்த வழக்கெல்லாம் இல்லை. அது கண்டது வெப்பம் ஒன்றைத்தான். ஆள் தெரிவது ஏவுகிறவனுக்கே. அவனுக்கும் சில வேளைகளில் தெரிவதில்லை.

இனி என் முடிவைச் சொல்கிறேன். இத்தகைய கண்களைச் செய்யும் ஒரு பாதுகாப்பு ஆராய்ச்சிக்கூடத்தில் வேலைக்கு அறிவிப்பு வந்திருந்தது. என் படிப்புக்கு நேராகப் பொருந்தும் வேலை. நாள்தோறும் இருட்டில் எழுந்து ரயிலேறும் தந்தையாருக்கு ஓய்வு கொடுக்கக்கூடிய சம்பளம். விண்ணப்பத் தாளை மூன்று வாரம் கையில் வைத்திருந்தேன்.

போஸிடம் விடை தேடினேன். தம் கண்டுபிடிப்பைப் பூட்டி வைக்கக்கூடாது என்றார் அவர். ஆனால் பூட்டாத வீட்டுக்குள் யாரும் நுழையலாம். போர்க்கருவி செய்பவனும் நுழையலாம். எல்லாருக்கும் பொது என்று விட்ட அறிவு எவருக்கு எதிராகவும் திரும்பலாம். அவர் மேடையில் வெடித்த வெடிமருந்து வேடிக்கைக்கானது. பின்னால் வந்தது வேடிக்கையன்று. இதற்கு அவர் வாழ்வில் நேரான விடை எனக்குக் கிடைக்கவில்லை. மறுபக்கமும் இருக்கிறது. 1965 போரில், பெங்களூரில் செய்த நம் சின்னஞ்சிறு நாட் விமானங்கள் வெறும் பீரங்கிகளோடு, சைட்வைண்டர் தாங்கிய சேபர் விமானங்களை எதிர்த்துப் போரிட்டன. அந்த விமானிகளிடம் போய் இந்தக் கண்ணைச் செய்வது பாவம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. இதே அகச்சிவப்புக் கண்தான் இரவில் மேகங்களைப் பார்த்து நம் கடற்கரைக்குப் புயல் எச்சரிக்கை தருகிறது. கொரோனாக் காலத்தில் நெற்றியைத் தொடாமல் காய்ச்சல் பார்த்ததும் அதுவே.

நேரான விடை கிடைக்காவிட்டாலும் ஒன்று கிடைத்தது. மூன்று ஆண்டு சம்பளம் தொடாதவர், தந்திக் கம்பெனியின் பணத்தைத் தொடாதவர், எந்த வேலையை எந்த நிபந்தனைக்கு ஏற்பது, எங்கே மறுப்பது என்பதைத் தம் கையிலேயே வைத்திருந்தார். எதையும் வேண்டாம் என்று சொல்லும் வலிமை அவருக்கிருந்தது. அந்த வலிமை இருப்பவன் எந்த ஆராய்ச்சிக்கூடத்திலும் வேலை செய்யலாம். இல்லாதவன் செடி ஆராய்ச்சிக்குக்கூடப் போகாமலிருப்பது நல்லது.

விண்ணப்பத்தை அனுப்பிவிட்டேன். முழு மனத்தோடு அனுப்பினேன் என்று சொன்னால் அது பொய். வேலை கிடைக்குமோ கிடைக்காதோ, தெரியாது. கிடைத்தால், நான் செய்வது இன்னது, அது போகுமிடம் இன்னது என்று விடுமுறைக்கு ஊர் செல்லும்போதெல்லாம், இரகசியங்களை விடுத்து, தாத்தாவுக்குத் தமிழில் சொல்வதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். சொல்ல முடியாமல் நாக்குக் கூசும் நாள் ஒன்று வந்தால், அன்று அந்த வேலை எனக்கு வேண்டாம். தாத்தா அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. சுரங்கத்துக்குப் போகும் நாளில் செய்வதைப் போல என் தோளை ஒரு முறை தட்டிவிட்டு, வெயில் தணிந்துவிட்டதா என்று பார்க்க வாசலுக்குச் சென்றார்.